ராணுவத் தளவாடங்களில் ப்ராடக்ட் செக்யூரிட்டி: புதிதாக வருபவர்கள் சறுக்கும் இடங்கள்

தமிழில் டிஃபன்ஸும் பாதுகாப்பு, செக்யூரிட்டியும் பாதுகாப்பு, சேஃப்டியும் பாதுகாப்புதான். எழுதுகிறவனுக்கு இது தொல்லை. ராணுவத் தளவாட நிறுவனத்தில் ப்ராடக்ட் செக்யூரிட்டி இன்ஜினியராக, அதாவது தயாரிக்கும் பொருளை ஹேக்கர்களிடமிருந்து காக்கும் வேலையில், சேர்கிறவரும் முதலில் தடுமாறுவது இந்த மூன்றுக்கும் நடுவில்தான்.

ஐடி பக்கமிருந்து வருகிறவர் கையோடு ஒரு பட்டியல் கொண்டுவருவார். பாஸ்வேர்டை மூன்று முறை தப்பாகப் போட்டால் கணக்கு லாக் ஆக வேண்டும். ஐந்து நிமிடம் யாரும் தொடாவிட்டால் திரை பூட்டிக்கொள்ள வேண்டும். வங்கிக்குச் சரி. வான்பாதுகாப்பு ரேடார் முன்னால் இருப்பவர் எதையும் தொடாமல் மணிக்கணக்கில் திரையையே பார்த்துக்கொண்டிருப்பார். அதுதான் அவர் வேலை. ஒரு புள்ளி நகர்ந்து வருகிற நேரத்தில் திரை பூட்டிக்கொண்டு, கையுறை போட்ட விரலால் அவர் பதினான்கு எழுத்து பாஸ்வேர்டை அடித்துக்கொண்டிருந்தால், நீங்கள் எதிரிக்கு உதவி செய்திருக்கிறீர்கள். அந்தக் கட்டுப்பாட்டை அறைக் கதவிலோ, ஆளுக்கு ஆள் கொடுக்கும் அட்டையிலோ வைக்கலாம். எதுவானாலும் ரிக்வயர்மென்ட் எழுதும் முன் அந்த நாற்காலியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள்.

அடுத்தது, "இது நெட்டிலேயே இல்லையே" என்று நம்புவது. 2010-இல் வெளிச்சத்துக்கு வந்த ஸ்டக்ஸ்நெட் என்ற கணினி வைரஸ், இணையத் தொடர்பில்லாத ஈரானின் நதான்ஸ் அணு ஆலைக்குள் புகுந்து, யுரேனியத்தைச் செறிவூட்டும் சென்ட்ரிஃப்யூஜ் இயந்திரங்களைக் கெடுத்தது. அது பரவிய வழிகளில் யூஎஸ்பி டிரைவும் ஒன்று. உங்கள் ஆர்கிடெக்சர் படத்தை எடுத்துப் பாருங்கள்: கணினிப் பெட்டிகள், ஆண்டெனா, நடுவில் கோடுகள். பராமரிப்பு லேப்டாப் அதில் இருக்கிறதா? பணித் தரவை ஏற்றும் மெமரி கார்டு? சப்ளையரின் டெக்னீஷியன் கொண்டுவந்து செருகும் டெஸ்ட் கருவி? பெரும்பாலும் இருக்காது. நான் எந்தப் படத்தைப் பார்த்தாலும் முதலில் அந்த லேப்டாப்பைத்தான் பென்சிலால் வரைந்து சேர்ப்பேன். உள்ளே ஒருவர் வந்துவிட்டால் அப்புறம் தடுப்பதற்கு அதிகம் இல்லை. போர் விமானங்களுக்குள் கருவிகள் ஒன்றோடொன்று பேச இன்றும் ஓடும் 1553 பஸ் என்ற டேட்டா இணைப்பு, அமெரிக்க விமானப்படை 1973-இல் வெளியிட்ட தரம். சொல்வது யார் என்று சரிபார்க்கும் ஏற்பாடு அதில் கிடையாது.

பொருள் எதிரி கையில் கிடைக்காது என்று நினைப்பது இன்னொரு தவறு. ஆர்க்யூ-170 என்ற அமெரிக்க உளவு ட்ரோனை 2011 டிசம்பரில் ஈரான் தொலைக்காட்சியில் காட்டியது. ஆகவே டெஸ்டுக்காக விட்ட டீபக் போர்ட் (உள்ளே ஓடுவதைப் பார்க்கவும் மாற்றவும் உதவும் இணைப்பு) உற்பத்திக்குப் போகும் போர்டில் திறந்திருக்கக் கூடாது. எல்லா யூனிட்டுக்கும் ஒரே குறியாக்கச் சாவியை (டேட்டாவைப் பூட்டும் ரகசிய எண்) போடுவதோ அதைவிட மோசம்: ஒன்று பிடிபட்டால் அத்தனையும் போச்சு. "இந்த ஃபார்மட் யாருக்குத் தெரியப்போகிறது" என்ற பேச்சையும் விட்டுவிடுங்கள். அமெரிக்காவின் ப்ரெடேட்டர் ட்ரோன்களின் வீடியோ குறியாக்கம் இல்லாமல் போய்க்கொண்டிருந்ததையும், 26 டாலர் மென்பொருளை வைத்து ஈராக்கில் கிளர்ச்சியாளர்கள் அதைப் பிடித்துப் பார்த்ததையும் 2009-இல் பத்திரிகைகள் எழுதின.

ஓட்டையைக் கண்டுபிடித்ததோடு வேலை முடிந்தது என்று நினைப்பவர்களும் உண்டு. அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகமான ஜிஏஓ, 2018 அக்டோபரில் ஆயுத அமைப்புகளைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. ஒரு சோதனையில் அட்மின் பாஸ்வேர்டை ஒன்பது வினாடியில் ஊகித்துவிட்டார்கள் என்று அதில் இருக்கிறது. எனக்கு அதைவிட உறுத்தியது வேறு வரி: ஒரு அமைப்பில் முந்தைய சோதனை காட்டிய 20 குறைகளில் ஒன்றைத்தான் சரிசெய்திருந்தார்கள். காரணம் சோம்பேறித்தனம் மட்டும் இல்லை. ஒரு வரி கோடு மாறினாலும் சோதனை, சான்றிதழ் என்று மாதக்கணக்கில் ஓடும். ப்ராஜெக்ட் மேனேஜர் தயங்கத்தான் செய்வார். அவரிடம் "கிரிட்டிகல், 9.8" என்று ஓட்டையின் தீவிரத்துக்குப் பத்துக்குப் போடும் மதிப்பெண்ணை நீட்டினால் அசைய மாட்டார். "பராமரிப்பு போர்ட் வழியாக உயர அளவை மாற்றலாம், பைலட்டுக்குத் தெரியாது" என்று எழுதிப் பாருங்கள், அன்றைக்கே கூட்டம் கூட்டுவார்.

ஆயுளைக் கணக்கில் எடுக்காமல் இருப்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் கடைசி பி-52 குண்டுவீச்சு விமானம் தயாரானது 1962-இல். அந்த வகை விமானம் இன்னும் பறக்கிறது. இன்று நீங்கள் தேர்ந்தெடுக்கும் குறியாக்க முறை உங்கள் ஓய்வூதிய காலத்திலும் ஓடிக்கொண்டிருக்கலாம். அதனால் அல்காரிதத்தையும் சாவியையும் மாற்றுவதற்கு வழி விட்டுக் கட்டுங்கள். எந்த லைப்ரரி (பிறர் எழுதிய, நாம் எடுத்துச் சேர்க்கும் கோடு) எந்தப் பதிப்பில் உள்ளே இருக்கிறது என்ற பட்டியலை முதல் நாளிலிருந்தே வையுங்கள். 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற, பல மென்பொருள்களில் இருக்கும் லைப்ரரியின் ஓட்டை வெளிவந்தபோது, பட்டியல் வைத்திருந்தவர்கள் தேடிப் பார்த்துப் பதில் சொன்னார்கள்; மற்றவர்கள் சப்ளையர்களுக்கு மெயில் அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

கடைசியாக, ரெஸ்யூமே. "எம்பெடட் லினக்ஸில் செக்யூர் பூட் (கையெழுத்திட்ட மென்பொருளை மட்டும் ஓடவிடும் ஏற்பாடு) செய்தேன்" என்பதே அடுத்த வேலைக்குப் போதும். எந்த ஏவுகணையில், எந்த ப்ராசசரில் என்று சேர்க்காதீர்கள்; அனுப்பும் முன் நிறுவனத்தின் செக்யூரிட்டி ஆபீசரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.