டிரைவில் டிரான்சிஸ்டர் போய்விட்டதா? மீற்றரை வைத்தே பார்க்கலாம்

ஸ்டார்ட் கொடுத்த கணமே ஓவர்கரண்ட் என்று காட்டி, மோட்டரின் வேகத்தை மாற்றும் டிரைவ் நின்றுவிடுகிறதா, பிரேக்கரே விழுகிறதா, திரும்பத் திரும்ப ரீசெட் அடிக்காதீர்கள். உள்ளே ஐஜிபிடி, அதாவது மோட்டருக்கு மின்சாரத்தை விட்டு விட்டுக் கொடுக்கும் டிரான்சிஸ்டர், ஷோர்ட் ஆகியிருந்தால் ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் கருகும். கழற்றிக் கொழும்புக்கு அனுப்புவதா என்று யோசிக்கும் முன் ஒரு மல்டிமீற்றர் போதும்.

மெயினை நிறுத்திப் பூட்டுங்கள். நம்முடைய 400 வோல்ற் மூன்று பேஸ் லைனில் டிசி பஸ், அதாவது டிரைவின் உள்ளே நேர்மின்சாரம் ஓடும் பாதை, சுமார் 565 வோல்ற்றில் நிற்கும், டிஸ்பிளே அணைந்த பிறகும் கப்பாசிட்டரில் அது இருக்கும். டிரைவின் மூடியில் போட்டிருக்கும் நேரம்வரை காத்திருந்து, அந்தப் பஸ்ஸின் பிளஸ், மைனஸ் டெர்மினல்களில் டிசி ரேஞ்சில் அளந்து, கிட்டத்தட்ட பூச்சியம் என்று கண்ணால் பார்த்த பிறகே கை வையுங்கள். மோட்டர் வயர்களையும் லைன் வயர்களையும் கழற்றிவிடுங்கள்.

மீற்றரை டையோட் மோடில் போட்டு, சிவப்பு முனையை மைனஸிலும் கறுப்பை மோட்டர் பக்கத்து டெர்மினல்களான யூ, வி, டபிள்யூ ஒவ்வொன்றிலும் வையுங்கள். 0.3 முதல் 0.6 வோல்ற் வரை வர வேண்டும், மூன்றும் ஏறக்குறைய ஒரே அளவாக. அப்புறம் கறுப்பைப் பிளஸில் வைத்து, சிவப்பை அதே மூன்றிலும். முனைகளை மாற்றி வைத்தால் வாசிப்பு ஏறிக்கொண்டே போய்த் திறந்த நிலை காட்டும், அது கப்பாசிட்டர் சார்ஜ் ஆவதுதான், பயப்பட வேண்டாம். எங்காவது இரு பக்கமும் பூச்சியத்துக்குக் கிட்ட வந்தால் அந்தக் கால், அதாவது அந்த பேஸுக்கான டிரான்சிஸ்டர் சோடி, போய்விட்டது. லைன் வரும் ஆர், எஸ், டி பக்கமும் இதேபோல் பார்த்தால், ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையர் கணக்கும் முடியும்.

இந்தச் சோதனைக்கு ஒரு பெரிய ஓட்டை உண்டு. மீற்றர் பார்ப்பது ஐஜிபிடியோடு சேர்ந்திருக்கும் டையோடை மட்டுமே, டிரான்சிஸ்டர் திறந்துபோயிருந்தாலும் அதை இயக்கும் முனையான கேட் செத்திருந்தாலும் வாசிப்பு நன்றாகவே வரும், மோட்டர் மட்டும் உறுமிக்கொண்டு நடுங்கும். இதற்குப் பழைய முறைதான் சரி: ஒரே வாட்டில் மூன்று குண்டு பல்பை ஸ்டாராக, அதாவது மூன்றின் ஒரு முனையையும் ஒன்றாகக் கட்டி, மற்ற முனைகளை யூ, வி, டபிள்யூவில் போட்டு, லைனை மட்டும் திருப்பிக் கொடுத்து, வோல்ற்றும் ஃப்ரீக்குவென்சியும் ஒரே விகிதத்தில் ஏறும் சாதாரண வி/எஃப் மோடில் ஓட்டுங்கள். பேஸ் இல்லை என்று ட்ரிப் ஆனால் அந்தப் பாதுகாப்பைத் தற்காலிகமாக நிறுத்துங்கள். ஒன்று மட்டும் மங்கினால் அந்தக் காலில்தான் கோளாறு.

ஷோர்ட் ஆன ஐஜிபிடி மொடியூலைக் கண்டதும் புதிதை வாங்கிப் பூட்டிவிடாதீர்கள். பெரும்பாலும் அதை ஓட்டிய கேட் டிரைவரும், சிக்னலை ஒளியால் கடத்தும் ஒப்டோகப்ளரும் கூடவே போயிருக்கும், பார்க்காமல் பூட்டினால் புதியதும் வெடிக்கும். திருகோணமலையில் சீனக்குடாப் பக்கம் கடற்காற்று படுகிற இடங்களில் போர்டில் உப்புப் படிந்து தடங்களுக்கிடையே கசிவதும், ஃபேன் இறுகி நிற்பதும் சகஜம், இரண்டையும் பாருங்கள். மோட்டரின் இன்சுலேஷனை மெகரால், அதாவது உயர் வோல்ற் கொடுத்து இன்சுலேஷனை அளக்கும் மீற்றரால், சோதிக்கும்போது வயரை டிரைவிலிருந்து கழற்றியே வையுங்கள், இல்லாவிட்டால் மாற்றிய மொடியூலை நீங்களே கொன்றுவிடுவீர்கள்.