இன்டெல், ஏஎம்டி ரிசல்ட் வந்தால் முதலில் எதைப் பார்ப்பது?

கம்ப்யூட்டர் சிப் விற்கும் இன்டெல்லோ ஏஎம்டியோ காலாண்டு முடிவை வெளியிட்டதும் பலரும் பாய்ந்து பார்ப்பது ஒரு பங்குக்கு எவ்வளவு லாபம் என்பதைத்தான். விலையைக் குறைத்து மோதிக்கொள்ளும் காலத்தில் அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் கிராஸ் மார்ஜினுக்குப் போங்கள், அதாவது விற்ற பணத்தில் தயாரிப்புச் செலவு போக எத்தனை சதவீதம் மிஞ்சுகிறது என்பதற்கு.

ஏன் என்று ஒரு கணக்குப் போட்டால் புரியும். 80 டாலரில் தயாராகும் பிராசஸரை 200க்கு விற்றால் மார்ஜின் 60 சதவீதம். விலையை 20 சதவீதம் குறைத்து 160க்கு விற்றால் மார்ஜின் 50. பத்துதானே குறைந்தது என்று தோன்றும், ஆனால் ஒரு சிப்பில் நின்ற 120 டாலர் 80 ஆகிவிட்டது, பழைய லாபத்தைத் தொடவே ஒன்றரை மடங்கு விற்றாக வேண்டும். அதனால் 'விற்பனை எண்ணிக்கை கூடியது' என்று நிர்வாகம் சொன்னால், சராசரி விற்பனை விலை என்ன ஆனது என்று கையோடு தேடுங்கள். இன்டெல் 2018இல் 1,979 டாலருக்கு விற்ற, 18 கோர் (கணக்குப் போடும் பகுதி) கொண்ட பிராசஸருக்கு அடுத்து வந்ததை, ஏஎம்டியின் ரைசன் த்ரெட்ரிப்பர் பிராசஸர் நெருக்கியதும், 2019இல் 979 டாலருக்கு இறக்கியது. கோர் எண்ணிக்கை அதே 18தான்.

சரி, மார்ஜின் சரிந்தாலே விலைப்போர்தான் காரணம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள், இங்கேதான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். ஏஎம்டி தன் சிப்புகளை டிஎஸ்எம்சி என்ற தைவான் சிப் தயாரிப்பு நிறுவனத்திடம் கொடுத்துச் செய்கிறது. இன்டெல்லுக்குச் சொந்த ஆலைகள் உண்டு, அவை சும்மா கிடந்தாலும் தேய்மானச் செலவு ஏறிக்கொண்டேதான் இருக்கும். 2024 ஆகஸ்ட் 1 அன்று வந்த முடிவில் இன்டெல்லின் மார்ஜின் 35.4 சதவீதம். நிதித் தலைவர் அடுக்கிய காரணங்களில் பயன்படாத உற்பத்தித் திறனும் இருந்தது. டிவிடெண்டும் நிறுத்தப்படும் என்றார்கள், மறுநாளே பங்கு 26 சதவீதம் விழுந்தது.

அடுத்து, விற்காமல் இருக்கும் சரக்குக் கையிருப்பு. விற்பனை ஏறாமல் இது மட்டும் காலாண்டுக்குக் காலாண்டு வீங்கினால் இன்னொரு விலைக்குறைப்பு வரலாம் என்று எச்சரிக்கையாக இருங்கள். புது மாடல் வெளியீட்டுக்காகச் சேர்த்த சரக்கா என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக அடுத்த காலாண்டுக்கு அவர்களே சொல்லும் மார்ஜின் கணிப்பு. என்னைக் கேட்டால், முடிந்துபோன காலாண்டின் லாபத்தைவிட இந்த ஒற்றை எண்ணுக்குத்தான் அதிக மதிப்புக் கொடுப்பேன். வருமானம் கூடும், மார்ஜின் குறையும் என்று இரண்டையும் சேர்த்துச் சொன்னால், ஏன் என்ற பதில் கிடைக்கும்வரை வாங்காதீர்கள்.