மஸ்கட்டிலிருந்து சூர் வரை: குழந்தைகளுடன் வெள்ளி, சனிப் பயணம்

மஸ்கட்டில் வாழும் குடும்பங்கள் விமானமும் விசாவும் இன்றி, சொந்தக் காரிலேயே சென்று வரக்கூடிய மிகச் சிறந்த இரண்டு நாள் பயணம் கிழக்குக் கடற்கரையில் சூர் நகரம் வரையிலான பயணம்தான் என்பது என் உறுதியான கருத்து. ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவு. ஒருபுறம் ஹஜர் மலைத்தொடரும் மறுபுறம் ஓமான் கடலும் உடன்வரும் நல்ல நெடுஞ்சாலை. எத்தனை இடங்களைப் பார்க்கலாம் என்பதைவிட, எந்த இடத்துக்கு எந்த நேரத்தில் போய்ச் சேர வேண்டும் என்பதை முதலில் தீர்மானித்துக்கொண்டால் இப்பயணம் இனிதாக அமையும்.

வெயிலை முன்னிட்டுப் பார்த்தால் நவம்பர் முதல் மார்ச் வரையிலான மாதங்களே குழந்தைகளுக்கு ஏற்றவை. ஆனால் சூரைத் தாண்டியுள்ள ராஸ் அல் ஜின்ஸ் கடற்கரையில் முட்டையிட வரும் பச்சை ஆமைகளோ கோடை மாதங்களில்தான் மிகுதி. இரண்டையும் ஓரளவு அனுபவிக்க விரும்புவோர் அக்டோபரைத் தேர்ந்தெடுக்கலாம். குளிர்காலத்தில் செல்வோர், ஆமையைக் கட்டாயம் பார்க்கலாம் என்று பிள்ளைகளுக்கு முன்கூட்டியே வாக்குக் கொடுக்காமல் இருப்பது நல்லது.

வெள்ளிக்கிழமை விடியற்காலையிலேயே புறப்பட்டுவிட வேண்டும். நண்பகல் தொழுகைக்காகக் கடைகள் மூடியிருக்கும் என்பதால் மதிய உணவைக் கையோடு எடுத்துச் செல்வதே சரி. புளியோதரை வெப்பத்தைத் தாங்கும். தயிர்சாதமாக இருந்தால் ஐஸ் பெட்டியில் வைக்க வேண்டும். முதல் நிறுத்தம் பிம்மா பள்ளம். சுண்ணாம்புப் பாறை அடியில் கரைந்து மேற்பரப்பு உள்வாங்கியதால் உருவான இந்தப் பள்ளத்தில் கடல்நீரும் நன்னீரும் கலந்து நீலப்பச்சையாகத் தேங்கி நிற்கின்றன. படிகள் வழியாக இறங்கி விளிம்பில் அமர்ந்தால் சிறு மீன்கள் பாதங்களைக் கொத்தும். பிள்ளைகளுக்கு அதுவே போதும். நீர் மிகவும் ஆழமானது என்பதால் லைஃப் ஜாக்கெட் இல்லாமல் அவர்களை உள்ளே இறக்கக் கூடாது.

அங்கிருந்து சிறிது தொலைவில் வாதி ஷாப். வாதி என்றால் மலைகளுக்கிடையே நீர் ஓடும் பள்ளத்தாக்கு. நெடுஞ்சாலைப் பாலத்தின் கீழே காரை நிறுத்திவிட்டு, சிறு படகில் நீரைக் கடந்து, பாறைகளின் மீது முக்கால் மணி நேரம் போல நடந்தால் தெளிந்த குளங்கள் தென்படும். அதற்கும் அப்பால் நீந்திச் சென்று, பாறை இடுக்கின் வழியே நுழைந்து குகைக்குள் விழும் அருவியைக் காணலாம் என்றாலும், அந்தக் கடைசிப் பகுதி நன்றாக நீந்தத் தெரிந்த பெரியவர்களுக்கு மட்டுமே உரியது. பத்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் உடனிருந்தால் முதல் குளத்தோடு திரும்பிவிடுங்கள். தோளையும் முழங்காலையும் மறைக்கும் உடையோடு நீரில் இறங்குவதே அவ்வூர் மக்களுக்கு நாம் காட்டும் மரியாதை. உள்ளூர்ப் பெண்களை அவர்களது அனுமதியின்றிப் படம் எடுப்பதும் தகாது.

மழை பற்றி மட்டும் சற்று அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நீங்கள் நிற்கும் இடத்தில் வானம் வெளுத்திருந்தாலும், மலையின் உட்பகுதியில் பெய்த மழை சில நிமிடங்களில் வெள்ளமாக வந்துவிடும். மண் இறுகிய அந்த வறண்ட மலைகள் நீரை உறிஞ்சுவதில்லை. 2024 ஏப்ரலில் ஓமானில் ஏற்பட்ட வெள்ளத்தில் பள்ளிப் பிள்ளைகள் உட்படப் பலர் உயிரிழந்தனர். வானிலை எச்சரிக்கை இருக்கும் வாரத்தில் பயணத்தையே தள்ளிப்போடுங்கள். நீர் பாயும் சாலையைக் காரில் கடக்க முயல்வது உயிருக்கு ஆபத்து மட்டுமன்று, அந்நாட்டுச் சட்டப்படி குற்றமும் ஆகும்.

வெள்ளி இரவு ராஸ் அல் ஜின்ஸ். அங்குள்ள ஆமைக் காப்பகத்தின் வழிகாட்டியோடு மட்டுமே கடற்கரைக்குச் செல்ல முடியும். இடங்கள் விரைவில் நிரம்பிவிடுவதால் முன்பதிவு அவசியம். கைபேசி வெளிச்சம் அறவே கூடாது என்பதற்கான காரணத்தைப் பிள்ளைகளுக்கு முன்னரே விளக்கிவிடுங்கள்: கரையேறும் தாய் ஆமை ஒளியைக் கண்டால் முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பிவிடும், குஞ்சுகளோ ஒளியை நோக்கித் தவழ்ந்து வழி தவறி மடியும். காரணம் தெரிந்த குழந்தைகள் இருளில் எவ்வளவு பொறுமையாக நிற்கிறார்கள் என்பதைக் கண்டு வியந்திருக்கிறேன். மணலைப் பின்துடுப்புகளால் தோண்டி, நூறு முட்டைகள் வரை இட்டு மூடும் அந்த உயிர், பல பத்தாண்டுகளுக்கு முன் தான் பிறந்த கரைப்பகுதியைத் தேடித் திரும்பி வந்திருக்கிறது என்பதையும் சொல்லுங்கள். தங்குமிடத்தைச் சூரில் அல்லாமல் பக்கத்து ஊரான ராஸ் அல் ஹத் அருகிலேயே வைத்துக்கொள்வது நல்லது. நள்ளிரவில் சூருக்குத் திரும்பும் சாலையில் ஒட்டகங்கள் திடீரென்று குறுக்கிடும்.

சனிக்கிழமை காலை சூரின் மரக்கல பட்டறையைப் பாருங்கள். மலபார்த் தேக்கைக் கடல் வழியே தருவித்துப் பாய்மரக் கப்பல் கட்டிய மரபு அது. பழைய துறைமுக நகரமான கல்ஹாத்தில் உள்ள பீபி மரியம் சமாதி 2018 முதல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னத்தின் ஒரு பகுதி. வரலாற்றில் ஆர்வமுள்ளோர், அது திறந்திருந்தால், சூருக்கு வரும் வழியிலேயே பார்க்கலாம். நேரம் குறைவென்றால் கல்ஹாத்தை விட்டுவிட்டு, ஆண்டு முழுவதும் நீர் நிற்கும் வாதி பனீ காலிதுக்குச் செல்லுங்கள். அங்கே நடைபாதையும் உணவகமும் இருப்பதால் தாத்தா பாட்டிக்கும் சிரமமில்லை. அங்கிருந்து இப்ரா வழியாக மஸ்கட் திரும்ப ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஆகும். மலைப்பாதையைப் பகலிலேயே கடந்துவிட மாலை மூன்று மணிக்குள் காரில் ஏறிவிடுங்கள்.