சோலைமந்தியையும் வெங்காயத்தாமரையையும் ஒப்பிடும் முறை

சோலைமந்தி என்ற குரங்கையும் வெங்காயத்தாமரை என்ற மிதக்கும் நீர்ச்செடியையும் உருவத்தை வைத்து ஒப்பிட்டு அட்டவணை போட்டால் பாதிக் கட்டங்கள் காலியாகக் கிடக்கும். இரண்டுக்கும் பொருந்தும் கேள்விகளை மட்டும் எடுங்கள்: தாயகம் எது, எவ்வளவு வேகமாகப் பெருகுகிறது, அடுத்த இடத்துக்கு எப்படிப் போகிறது.

முதலில் இனத்தை உறுதிசெய்ய வேண்டும். நீலகிரிக் கருமந்திக்கும் உடல் கறுப்புதான்; ஆனால் அதன் வால் உடலைவிட நீளம், நுனியில் குஞ்சம் இல்லை. சோலைமந்திக்கு வால் குட்டை, நுனியில் குஞ்சம், முகத்தைச் சுற்றிச் சாம்பல் நிறப் பிடரிமயிர். பெண்ணுக்கும் பிடரிமயிர் உண்டு. ஆகாயத்தாமரை என்று மக்கள் சொல்வது இரண்டு செடிகளை. காம்பு உப்பி, வெளிர் ஊதாப் பூ விட்டால் வெங்காயத்தாமரை. காம்பே இல்லாமல், நுண்மயிர் படர்ந்த இலைகள் அடுக்காக இருந்தால் அது பிஸ்டியா என்ற வேறொரு மிதக்கும் செடி. நெருக்கமாக வளர்ந்த வெங்காயத்தாமரையில் காம்பு உப்பாமல் நீண்டுவிடும் என்பதால் பூவையும் பார்த்துவிடுங்கள். தலைப்பில் மகாகா சைலினஸ், பொன்டெடீரியா கிராசிபஸ் என்று அறிவியல் பெயரை எழுதுங்கள். பழைய நூல்களில் செடியின் பெயர் ஐக்கோர்னியா கிராசிபஸ்.

பெருக்கத்தில்தான் பலர் தவறுகிறார்கள். "வேகம்", "மெது" என்று எழுதினால் எதுவும் விளங்காது; இரண்டையும் ஒரே கால அளவில் வையுங்கள். சத்து மிகுந்த, வெப்பமான நீரில் வெங்காயத்தாமரை ஏறத்தாழ 2 வாரத்தில் இரட்டிக்கும். 10 வாரத்தில் 5 முறை இரட்டித்தால் 1 செடி 32 ஆகும். சோலைமந்தியின் கர்ப்பகாலமே சுமார் 6 மாதம். பொதுவாக ஒரே குட்டி, அடுத்த குட்டிக்கு 2 ஆண்டுக்கு மேல் ஆகும். 32 என்பது தடையில்லாத நிலைக்கான கணக்கு, குளம் நிறைந்ததும் வளர்ச்சி குறையும் என்று பக்கத்தில் குறித்துவிடுங்கள். ஓடுதண்டால், அதாவது தாய்ச்செடியிலிருந்து கிடையாகப் படரும் தண்டால், பிறந்த செடிகள் ஒன்றின் நகல்களே. ஆகவே குரங்கைத் தலை எண்ணியும், செடியை மூடிய பரப்பைச் சதுர மீட்டரில் அளந்தும் எழுதுங்கள்.

இடம்பெயர்தலில், செடியை வெள்ளமும் காற்றும் படகும் கொண்டுபோகும். சோலைமந்திக்கு மரக்கிளைகளின் தொடர்ச்சி வேண்டும். வால்பாறையில் தேயிலைத் தோட்டங்கள் காட்டைத் துண்டாடியதால்தான் சாலைக்கு மேல் தொங்குபாலங்கள் கட்ட வேண்டியதாயிற்று.

தாயகக் கட்டத்தில் சோலைமந்திக்கு மேற்குத் தொடர்ச்சி மலை. உலகில் வேறெங்கும் அது இயற்கையாக இல்லை. செடிக்குத் தென் அமெரிக்காவின் அமேசான் படுகை. அங்கே நியோகெட்டினா கூன்வண்டுகள் அதைத் தின்று கட்டுக்குள் வைக்க உதவுகின்றன. அதனால் "களை" என்று எழுதும்போது எந்த ஊர் நீர்நிலை என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.