கொடிய ஒட்டுண்ணியை ஏன் எரிக்காமல் வைத்தார்கள்? புனைகதைக்கு நம்பும்படியான காரணம் கட்டும் முறை

அழிந்துபோன ஒரு பழைய நாகரிகம். மண்மூடிய கிடங்கு. உள்ளே, வேற்றுக்கோளிலிருந்து வந்த ஒட்டுண்ணி இன்னும் உயிரோடு இருக்கிறது. அறிவியல் புனைகதை எழுத வருகிற பலருக்கும் முதலில் தோன்றுகிற கதை இது. எனக்கும் அப்படித்தான். எழுதி முடித்து ஒரு நண்பரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஊரையே தின்ற பூச்சி என்று தெரிந்தும் அவர்கள் ஏன் அதைக் கொளுத்தவில்லை?"

ஆயுதம் செய்யத்தான் என்று சொல்லிவிடலாம். ஆனால் அந்தப் பதிலில் முன்னோர்கள் எல்லாரும் கெட்டவர்களாகவோ முட்டாள்களாகவோ ஆகிவிடுகிறார்கள். நல்லவர்கள், பயந்தவர்கள், யோசிக்கத் தெரிந்தவர்கள் சேர்ந்து எடுத்த முடிவாக இருந்தால்தான் கதை மனதில் தங்கும். அதை எப்படிக் கட்டுவது என்று பார்ப்போம். உதாரணத்துக்கு நாகரிகத்தை ஓரையர் என்றும் ஒட்டுண்ணியை நூலி என்றும் வைத்துக்கொள்கிறேன்.

படி 1: ஒட்டுண்ணியின் பிழைப்பை முதலில் எழுதுங்கள்

கதையைத் தொடுவதற்கு முன் ஒரு பக்கம் இதற்கு ஒதுக்குங்கள். எப்படி உடலுக்குள் நுழைகிறது, எதைத் தின்கிறது, அடுத்த உடலுக்கு எப்படிப் போகிறது? நம் பூமியிலேயே பாடம் இருக்கிறது. ஓபியோகார்டிசெப்ஸ் என்ற பூஞ்சை எறும்பைப் பிடித்தால், அந்த எறும்பு கூட்டத்தை விட்டு விலகிப் போகும். தாய்லாந்துக் காட்டில் பார்த்தவரை, தரையிலிருந்து ஏறக்குறைய 25 சென்டிமீட்டர் உயரத்தில் ஓர் இலையின் அடிப்புற நரம்பைக் கவ்விக்கொண்டு அது சாகிறது. அப்புறம் எறும்பின் உடலைப் பிளந்துகொண்டு ஒரு தண்டு முளைத்து, கீழே வித்துகளைத் தூவும். பூஞ்சை எறும்பின் மூளைக்குள் போவதில்லை. தசை இழைகளைச் சுற்றிப் படர்ந்துகொள்கிறது. எறும்பைப் பிடித்தவன் மூளையை விட்டுவைத்திருக்கிறான் என்பதை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள்.

இதை எழுதும்போதே முக்கியமான கேள்விக்கு விடை கிடைத்துவிடும்: நூலியை உறைய வைத்தால் தூங்குமா, இல்லை உயிருள்ள உடலில் மட்டும்தான் இருக்குமா? தூங்கும் என்றால் ஒரு குப்பி போதும். உடல் வேண்டும் என்றால், மாதிரியைப் பாதுகாப்பது ஒரு மனிதனைப் பாதுகாப்பது. யார் அந்த மனிதன்? தானாக முன்வந்தவரா? இந்த ஒரு முடிவு கதையின் எடையையே மாற்றும்.

படி 2: நிஜத்தில் நடந்ததைப் படியுங்கள்

இங்கே நிதானமாக நில்லுங்கள். பெரியம்மையின் கதை உங்களுக்குத் தேவையானது எல்லாவற்றையும் தரும்.

இயற்கையாகப் பரவிய கடைசிப் பெரியம்மை 1977ல் சோமாலியாவில் கண்டது. நோய் ஒழிந்தது என்று உலக சுகாதார சபை 1980 மே மாதம் அறிவித்தது. அதற்கு நடுவே, 1978ல், இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஒரு மருத்துவப் புகைப்படக் கலைஞருக்குப் பெரியம்மை வந்து அவர் இறந்தார். அவர் வேலை செய்த அறைக்குக் கீழ்த்தளத்தில் பெரியம்மை ஆய்வுக்கூடம் இருந்தது. உலகில் எங்கும் நோய் இல்லாதபோது, ஆய்வுக்கூட வைரஸே ஓர் உயிரைக் குடித்தது. அதன் பிறகு ஆய்வுக்கூடங்கள் ஒவ்வொன்றாகத் தங்களிடமிருந்த வைரஸ் மாதிரிகளை அழித்தன அல்லது ஒப்படைத்தன. இன்று அதிகாரபூர்வமாக இரண்டே இடங்கள்: அமெரிக்காவின் அட்லாண்டா, ரஷ்யாவின் கோல்ட்சோவோ.

அங்கே இருக்கும் மாதிரிகளையும் அழிக்க 1993 டிசம்பர் 30 என்று நாள் குறித்தார்கள். தள்ளிப்போனது. 1999 ஜூன் என்றார்கள். அதுவும் தள்ளிப்போனது. அழிக்கச் சொன்னவர்களிடம் வலுவான வாதம் இருந்தது: தடுப்பூசி செய்யப் பெரியம்மை வைரஸே வேண்டாம், அது வேக்சினியா என்ற வேறொரு வைரஸிலிருந்து வருகிறது. வைத்திருக்கச் சொன்னவர்களிடமும் இருந்தது: வேறு யாராவது ஒளித்து வைத்திருந்தால்? புது மருந்து வேலை செய்யுமா என்று உயிருள்ள வைரஸ் இல்லாமல் எப்படிச் சோதிப்பது? பெரியம்மைக்கான டெகோவிரிமாட் மருந்துக்கு அமெரிக்காவில் 2018ல் ஒப்புதல் கிடைத்தது.

கவனியுங்கள், 'என்றென்றும் வைத்துக்கொள்வோம்' என்று யாரும் முடிவெடுக்கவில்லை. 'இந்த ஆண்டு வேண்டாம்' என்றுதான் ஒவ்வொரு முறையும் முடிவெடுத்தார்கள். என் நண்பரின் கேள்விக்குப் பதில் இங்கேதான் கிடைத்தது. ஓரையர் நூலியைக் காப்பாற்றத் தீர்மானிக்கவில்லை. அழிப்பதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார்கள், கடைசியில் தள்ளிப்போட ஆளில்லாமல் போனது.

படி 3: காரணத்தைத் தலைமுறைகளாகப் பிரியுங்கள்

முதல் தலைமுறைக்கு மருந்து வேண்டும். சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் பாம்பை ஒரு கண்ணாடிக் குவளையின் மேல் கட்டிய தோலைக் கடிக்கவைத்து விஷம் எடுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். கடிக்கு மருந்து செய்ய அந்த விஷமே வேண்டும். ஆனால் ஒன்று: குவளையில் இருக்கும் விஷம் குட்டி போடாது. நூலி போடும். இந்த வேறுபாட்டை ஓரையரில் ஒருவராவது உணர்ந்து சொல்லியிருக்க வேண்டும்.

இரண்டாம் தலைமுறைக்கு, நூலி வானத்திலிருந்து திரும்ப வந்துவிடுமோ என்ற பயம். மூன்றாம் தலைமுறை நூலி ஊரைத் தின்றதைப் பார்த்ததே இல்லை. அவர்களுக்குக் கிடங்கைக் காப்பது தாத்தா விட்டுப்போன கடமை, அவ்வளவுதான்.

படி 4: எதிர்ப்பவருக்கு நல்ல வாதம் கொடுங்கள்

மாட்டு வெக்கை நோய் 2011ல் ஒழிந்தது. இங்கிலாந்தின் பிர்பிரைட் நிறுவனம் தன்னிடமிருந்த வைரஸ் மாதிரிகளின் மரபணு வரிசையை எழுதி வைத்துக்கொண்டு, 2019ல் மாதிரிகளை அழித்தது. எழுத்தை வை, உடலை எரி. உங்கள் கதையில் ஒரு ஓரையப் பெண் இதையே கேட்கட்டும். அவளுக்கு வருகிற பதிலும் நிஜத்தில் இருக்கிறது: கனடாவில் ஆய்வாளர்கள் குதிரையம்மை வைரஸை, வாங்கிய டிஎன்ஏ துண்டுகளிலிருந்தே கட்டியெழுப்பி 2018ல் அறிக்கை வெளியிட்டார்கள். எழுத்து இருந்தாலே உடலைத் திரும்பச் செய்யலாம் என்றால், எரித்து மட்டும் என்ன பயன்? இந்த விவாதத்தில் யாரையும் ஜெயிக்க விடாதீர்கள்.

படி 5: பெட்டியைச் சாதாரணமாக்குங்கள்

தங்கக் கதவு, ஒளிரும் தூண் எல்லாம் வேண்டாம். 2014ல் அமெரிக்காவின் பெதஸ்டாவில், ஓர் ஆய்வுக்கூடத்தை இடம் மாற்றும்போது குளிர் அறையில் ஓர் அட்டைப்பெட்டி கிடைத்தது. உள்ளே பஞ்சு. பஞ்சுக்குள் வாயை உருக்கி மூடிய கண்ணாடிக் குப்பிகள். ஆறு குப்பிகளில் வேரியோலா, அதாவது பெரியம்மை வைரஸ், என்று எழுதியிருந்தது, ஆண்டு 1954. சோதித்தபோது இரண்டில் வைரஸ் உயிரோடு இருந்தது. ஏறக்குறைய 60 ஆண்டுகளாக அது அங்கே இருப்பதே யாருக்கும் தெரியாது.

எனக்கு எந்த வேற்றுக்கோள் அரக்கனையும்விட அந்தப் பஞ்சுதான் பயம் தருகிறது. யாரோ ஒருவர் உடையக்கூடாதே என்று அக்கறையாகச் சுற்றி வைத்திருக்கிறார்.

படி 6: எச்சரிக்கைப் பலகை

நியூ மெக்சிகோவில் அணுக்கழிவைப் புதைக்கவிருந்த இடத்துக்கு 10,000 ஆண்டுகள் தாங்கும் எச்சரிக்கை எப்படி அமைப்பது என்று நிபுணர்கள் கூடி 1993ல் அறிக்கை எழுதினார்கள். மொழி மாறிவிடும், அதனால் பார்த்தாலே விலகத் தோன்றும் முள் போன்ற பெரும் வடிவங்களைக்கூட யோசித்தார்கள். ஆனால் பெரிதாக எதைக் கட்டினாலும் உள்ளே புதையல் என்று நினைக்கிறவர்கள் வருவார்கள். உங்கள் கதாநாயகி ஏன் உள்ளே போனாள் என்பதற்கு இது போதும்.

படி 7: காவலரின் குறிப்பேட்டை எழுதிப் பாருங்கள்

கதையை எழுதாமல், கிடங்கின் பதிவேட்டில் மூன்று வரி மட்டும் எழுதுங்கள், ஒவ்வொன்றும் வேறு கையெழுத்தில். நான் எழுதியது:

"மருந்து முடிந்ததும் எரிப்போம். அடுத்த மழைக்குள்."

"மருந்து தேறவில்லை. என் மகளுக்குச் சாவியைக் காட்டியிருக்கிறேன்."

"பஞ்சு மாற்றினேன். உள்ளே இருப்பது என்னவென்று அம்மா சொல்லவில்லை."