காற்றால் குளிரும் பழைய கொம்பியை எல்பிஜிக்கு மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் வட்டாரத்தில், குறிப்பாகச் சாட்ஸ்வொர்த், டோங்காட், மெர்பேங்க் போன்ற பகுதிகளில், 1970களின் ஃபோக்ஸ்வாகன் கொம்பியைக் குடும்பச் சொத்தாகப் பேணிப் படுக்கையும் அடுப்பும் பொருத்திய பயண வேனாக வைத்திருப்பவர்கள், பெட்ரோல் விலை ஏறும்போதெல்லாம் எல்பிஜியை, அதாவது திரவமாக்கிய பெட்ரோலிய எரிவாயுவைப் பற்றி விசாரிக்கிறார்கள். இந்த மாற்றத்தைச் செய்ய முடியும். முறையாகச் செய்தால் எஞ்சின் அமைதியாகவும் தூய்மையாகவும் ஓடும். ஆனால் சந்தையில் கிடைக்கும் மாற்றுக் கருவித் தொகுப்புகளில் மிகப் பெரும்பாலானவை ரேடியேட்டர் உள்ள எஞ்சினுக்காக வடிவமைக்கப்பட்டவை. கொம்பியின் எஞ்சினில் தண்ணீரே கிடையாது என்பதைக் கருதாமல் வேலையைத் தொடங்குவதிலிருந்துதான் பெரும்பாலான தவறுகள் பிறக்கின்றன.

கருவியை வாங்குவதற்கு முன்பே நேரும் தவறு ஒன்று உண்டு. நம் நாட்டில் பெட்ரோல் லிட்டரிலும் எரிவாயு கிலோவிலும் விற்கப்படுவதால், இரண்டு விலைகளையும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது பொருந்தாது. ஒரு கிலோ எல்பிஜி தரும் ஆற்றல் சுமார் 1.4 லிட்டர் பெட்ரோலுக்குச் சமம். ஆகவே ஒரு லிட்டர் பெட்ரோலின் விலையை 1.4 ஆல் பெருக்கி, அதைவிட ஒரு கிலோ எரிவாயு மலிவாகக் கிடைத்தால்தான் சேமிப்பு என்று ஒன்று இருக்கும். இரண்டு விலைகளும் மாதந்தோறும் முதல் புதன்கிழமை மாறுவதால், பல மாதங்களின் விலையை எடுத்து இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகே முடிவெடுக்க வேண்டும். மிச்சப்படுத்துவது மட்டுமே நோக்கமாக இருந்தால், பலர் இந்த இடத்திலேயே நின்றுவிடுவது நல்லது என்பது என் கருத்து.

இனி வெப்பத்தைப் பற்றிப் பார்ப்போம். தொட்டியிலிருந்து திரவமாக வரும் எரிவாயு எஞ்சினுக்குள் போகும் முன் ரெடியூசர் என்னும் கருவியில் ஆவியாகிறது. ஆவியாகும்போது அது சுற்றியுள்ள வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. கல்யாண வீட்டில் பெரிய அடுப்பு நெடுநேரம் எரியும்போது எரிவாயு உருளையின் வெளிப்புறம் வியர்த்துப் பனி பூப்பதைப் பார்த்திருப்பீர்கள். ரெடியூசருக்குள்ளும் அதுவே நிகழ்கிறது, அளவுதான் பெரிது. நெடுஞ்சாலையில் மணிக்கு 7 கிலோ எரிவாயுவைச் செலவழிக்கும் கொம்பிக்கு, அதை ஆவியாக்க மட்டும் தொடர்ந்து ஒரு கிலோவாட் அளவுக்கு வெப்பம் தேவைப்படும். மற்ற வாகனங்களில் இந்த வெப்பத்தைத் தருவது ரேடியேட்டர் தண்ணீர். ‘டர்பனின் வெயிலே போதும்’ என்று ரெடியூசரை வெறும் காற்றில் மாட்டிவிட்டால், ஊருக்குள் ஓடும்வரை ஒன்றும் தெரியாது. டிராக்கன்ஸ்பர்க் மலையை நோக்கி ஏறும்போது அது உறைந்து, திரவ எரிவாயு நேராக, காற்றோடு எரிவாயுவைக் கலக்கும் மிக்ஸருக்குப் பாய்ந்து எஞ்சின் நின்றுபோகும்.

வெப்பம் வேண்டும் என்று உணர்ந்தவர்களும் அதை எடுக்கும் இடத்தில் தவறுகிறார்கள். புகைபோக்கிக் குழாயோடு ரெடியூசரை ஒட்டிக் கட்டினால், கட்டுப்பாடற்ற சூட்டில் அதன் ரப்பர்ச் சவ்வுகள் இறுகி வெடித்து எரிவாயு கசியும். எஞ்சின் எண்ணெயை ரெடியூசருக்குள் செலுத்துவது நல்ல வழிதான், எண்ணெயும் அதனால் சற்றுக் குளிரும். ஆனால் தண்ணீருக்காகச் செய்யப்பட்ட ரெடியூசரின் கேஸ்கெட்டுகள், குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும்போது எழும் எண்ணெய் அழுத்தத்தைத் தாங்குவதற்கு உருவானவை அல்ல. எண்ணெய்க்கென்றே தயாரிக்கப்பட்ட ரெடியூசரைத் தேட வேண்டும். கிடைக்காவிட்டால், ஒரு சிறிய தகட்டு வெப்பமாற்றி, மின் பம்பு, ஒன்றிரண்டு லிட்டர் குளிர்விப்பு நீர் ஆகியவற்றைக் கொண்ட தனி மூடிய சுற்றை அமைத்து, எண்ணெயின் வெப்பத்தை நீருக்கும் நீரின் வெப்பத்தை ரெடியூசருக்கும் மாற்றலாம். செலவு கூடினாலும் நான் பரிந்துரைப்பது இதைத்தான். எந்த முறையானாலும், எஞ்சினைப் பெட்ரோலில் கிளப்பி, எண்ணெய் நன்றாகச் சூடேறிய பிறகே எரிவாயுவுக்கு மாற வேண்டும்.

எரிபொருள் கலவையில் சிக்கனம் பார்ப்பது எஞ்சினையே இழக்கச் செய்யும் தவறு. பெட்ரோல் துளிகள் ஆவியாகும்போது உள்ளே போகும் காற்றைக் குளிர்விக்கின்றன. ஏற்கெனவே ஆவியாக வரும் எரிவாயு அந்த உதவியைச் செய்வதில்லை. தண்ணீர் இல்லாத எஞ்சினில் சிலிண்டர் ஹெட்டின் சூட்டைக் குறைக்க ஃபேன் காற்றும் எண்ணெயும் மட்டுமே இருப்பதால், எரிவாயுவைக் குறைத்துக் கலவையை மெலியவிட்டால் வெளியேற்று வால்வு எரிந்துபோகும். பழைய 1600 சிசி எஞ்சின்களில் எண்ணெய்க் குளிர்விப்பான் மூன்றாம் சிலிண்டருக்குச் செல்லும் காற்றை மறித்து நிற்பதால் அந்த வால்வுதான் முதலில் போகும். ஹெட்டின் வெப்பநிலையைக் காட்டும் மானியைப் பொருத்தாமல் கலவையைச் சரிசெய்யவே கூடாது. டேப்பெட் இடைவெளியை, அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளும் நெம்புகோலுக்கும் நடுவே உள்ள இடைவெளியை, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, 0.15 மில்லிமீட்டரில் வைத்து அடிக்கடி சோதிக்க வேண்டும். இடைவெளி தொடர்ந்து குறைந்துகொண்டே வந்தால் வால்வு இருக்கை தேய்கிறது அல்லது வால்வு நீள்கிறது என்று பொருள். 2006இல் ஈயம் கலந்த பெட்ரோல் இங்கே நிறுத்தப்பட்ட பிறகு ஹெட்டைப் புதுப்பிக்காத வண்டியானால், மாற்றத்துக்கு முன்பே ஹெட்டைக் கழற்றிப் பார்ப்பது முறை.

எரிவாயுக் கலவையைப் பற்றவைக்கக் கூடுதல் மின்னழுத்தம் தேவைப்படுவதால், பெட்ரோலில் குறையில்லாமல் ஓடிய பழைய பிளக் ஒயர்களும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியும் எரிவாயுவில் தடுமாறும். அப்படித் தடுமாறும்போது உள்ளிழுப்புக் குழாயில் நிறைந்திருக்கும் எரிவாயு பின்னோக்கி வெடித்து, காற்று வடிகட்டியை உடைத்துவிடக்கூடும்.

எஞ்சினைச் சுற்றியுள்ள தகரத்தில் குழாய்களுக்காகத் துளையிட்டுவிட்டு அவற்றைச் சரியாக அடைக்காமல் விடுகிறார்கள். அந்தத் தகரமும் ஓரத்து ரப்பர்ப் பட்டையும்தான் கீழேயுள்ள வெந்த காற்று மேலே வராமல் தடுக்கின்றன. இதைவிட முக்கியமானது வேறொன்று: கொம்பியின் குளிர்விப்பு ஃபேன் எஞ்சின் அறையிலிருந்து காற்றை இழுத்து, அதில் ஒரு பங்கைச் சூடாக்கி, பயணிகள் அமரும் பகுதிக்கு அனுப்புகிறது. எஞ்சின் அறையில் எரிவாயு கசிந்தால் அது குழந்தைகள் உறங்கும் இடத்துக்கே வந்து சேரும். பேட்டரியும் அதே அறையில்தான் இருக்கிறது. ஆகவே ரெடியூசரையும், மின்சாரத்தால் எரிவாயுவைத் திறந்து மூடும் சோலனாய்டு வால்வையும் கூடியவரை அந்த அறைக்கு வெளியே, காற்றோட்டமுள்ள இடத்தில் பொருத்துவதே பாதுகாப்பு.

வீட்டு உபயோகத்துக்கான 9 கிலோ அல்லது 19 கிலோ உருளையை வாகனத்தின் எரிபொருள் தொட்டியாகப் பயன்படுத்துவதை எந்த நிலையிலும் ஏற்க முடியாது. வாகனத் தொட்டியில் 80 விழுக்காட்டுடன் நிரப்பலை நிறுத்தும் வால்வு, குழாய் அறுந்தால் தானே மூடும் வால்வு, அழுத்தம் மிகுந்தால் திறக்கும் வால்வு ஆகியவை இருக்கின்றன; வீட்டு உருளை இவ்வேலைக்காக அமைந்ததல்ல. அதுபோலவே, எஞ்சினுக்குத் திரவம் தரும் தொட்டியிலிருந்து சமையல் அடுப்புக்குக் கிளைக் குழாய் எடுக்கக் கூடாது, ஏனெனில் அடுப்புக்கு ஆவி மட்டுமே போக வேண்டும். கசியும் எரிவாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். எனவே வேனின் தரைமட்டத்தில் காற்றுத் துளைகள் இருந்தாக வேண்டும். கடலோர உப்புக் காற்று தொட்டியைத் தாங்கும் பட்டைகளை அரிப்பதால், அவற்றை ஆண்டுதோறும் கீழே படுத்துப் பார்க்க வேண்டும்.

பெட்ரோல் அமைப்பைக் கழற்றி எறிவதும் பிழை. வாகனத்துக்கு எரிவாயு நிரப்பும் நிலையங்கள் தென்னாப்பிரிக்காவில் மிகக் குறைவு. மெர்பேங்கை ஒட்டியிருந்த இரு சுத்திகரிப்பு ஆலைகளும் இயங்காத இந்நாளில், எரிவாயு பெருமளவு இறக்குமதியாகவே வருகிறது, தட்டுப்பாடும் நேர்கிறது. பெட்ரோலை வைத்துக்கொள்ளும்போது அதன் பழைய ரப்பர்க் குழாய்களை முழுவதும் மாற்றிவிட வேண்டும். டர்பனின் கடல்மட்டத்தில் சரிசெய்த கலவை, சுமார் 1,700 மீட்டர் உயரத்திலுள்ள ஜோகன்னஸ்பர்க்கில் செறிவாகிவிடும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். அங்கே மெலிய வைத்துவிட்டு, கீழே இறங்கியதும் மீண்டும் சரிசெய்யாமல் ஓட்டுவதுதான் ஆபத்து.

வாகன எரிவாயு அமைப்புக்கு, சான்ஸ் (தென்னாப்பிரிக்கத் தேசியத் தரநிலை) 10087 தரத்தின் ஆறாம் பகுதியும், வேனுக்குள் இருக்கும் சமையல் எரிவாயுவுக்கு இரண்டாம் பகுதியும் பொருந்தும். பதிவுபெற்ற எரிவாயுத் தொழிலாளரிடம் வேலையை ஒப்படைத்து, தகுதிச் சான்றிதழைக் கையில் வாங்கி, காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். எரிவாயுவில் ஓடும் எஞ்சினின் எண்ணெய் நெடுநாள் தெளிவாகவே தோன்றும்; அதைப் பார்த்து எண்ணெய் மாற்றுவதைத் தள்ளிப்போடாமல், முன்போலவே 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றிவர வேண்டும்.