கார்டு கேட்கும் ஃப்ரீ டிரையல்: எடுப்பதும் மூடுவதும்

மார்த்தாண்டத்தில் கல்யாண ஆல்பம் செய்யும் ஸ்டுடியோ எடிட்டிங் சாஃப்ட்வேர் தேடினாலும், கன்னியாகுமரியில் நாலு அறை வைத்திருக்கும் லாட்ஜ் புக்கிங் சாஃப்ட்வேர் தேடினாலும், முதலில் கண்ணில் படுவது ‘14 நாள் இலவசம்’. அடுத்த திரையிலேயே கார்டு நம்பர் கேட்கும். ஒரே ஆள் பத்து மெயில் ஐடியில் பத்து டிரையல் எடுப்பதைத் தடுக்கத்தான் என்று காரணம் சொல்வார்கள். அதில் உண்மையும் உண்டு. சொல்லாத காரணம், 15ஆம் நாள் உங்களுக்கு ஞாபகம் இருக்காது என்ற நம்பிக்கை.

கார்டைக் கொடுக்கும்போது இரண்டு அனுமதி தருகிறீர்கள். ஒன்று நிறுவனத்திடம் தொடங்கும் சந்தா. மற்றது, பணத்தைத் தானாக எடுத்துக்கொள்ள வங்கியில் பதிவாகும் மேன்டேட். இரண்டையும் தனித்தனியாக மூட வேண்டும்.

கொடுப்பதற்கு முன்

விற்பனைப் பிரிவுக்கு ஒரு மெயில் போட்டு, கார்டு இல்லாமல் டிரையல் கிடைக்குமா என்று கேளுங்கள். தொழிலுக்கான சாஃப்ட்வேர் விற்பவர்கள் பலர் தருவார்கள். கிடைக்காவிட்டால் விலைப் பக்கத்தை நிதானமாகப் படியுங்கள். ‘ஆனுவல், பில்டு மன்த்லி’ என்று இருந்தால் அது மாதச் சந்தா அல்ல, ஓராண்டு ஒப்பந்தம். நடுவில் நிறுத்தினால் மீதி மாதத் தொகையில் ஒரு பங்கை அபராதமாகக் கேட்பவர்கள் உண்டு. விலையில் 18% ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். டாலர் விலை என்றால் கார்டு வங்கி கூடுதலாக எடுக்கும் மார்க்அப் கட்டணம் தனி: 3.5% என்று வைத்தால், 2,000 ரூபாய்க்கு 70 ரூபாய், அதன்மேல் ஜிஎஸ்டி 12.60.

கடையின் முக்கியக் கணக்கோடு இணைந்த டெபிட் கார்டைக் கொடுக்கவே கூடாது. யூபிஐ ஆட்டோபே வசதி இருந்தால் அதுதான் நல்லது. எது ஓடுகிறது என்று செயலியிலேயே தெரியும், அங்கேயே நிறுத்தலாம். கிரெடிட் கார்டுதான் வழி என்றால், பேங்க் ஆப்பில் ஆன்லைன் செலவு வரம்பைக் குறைத்து வையுங்கள். சில வெளிநாட்டுத் தளங்களில் ஓடிபி இல்லாமலே பணம் போய்விடும். அதனால் வெளிநாட்டுப் பரிவர்த்தனை சுவிட்சை டிரையல் பதிவு முடிந்ததும் அணைத்துவிடுங்கள்.

பதிவின்போது ஒன்றிரண்டு ரூபாய் எடுத்தால் அது கார்டு சரிபார்ப்பு. பெரும்பாலும் திரும்ப வரும். கவனிக்க வேண்டியது மேன்டேட் உச்சவரம்பு. 499 ரூபாய் சந்தாவுக்கு 15,000 ரூபாய் என்று காட்டலாம். அவ்வளவும் இப்போதே போகாது. ஓடிபி இல்லாமல் அடுத்தடுத்த தவணை எடுக்க ரிசர்வ் வங்கி 2022 ஜூனில் வைத்த வரம்பு அது. ஆனால் நிறுவனம் விலையை ஏற்றினாலும் அந்த வரம்புவரை ஓடிபி கேட்காது. தொகையை மாற்ற இடம் கொடுத்தால் குறைத்துப் போடுங்கள்.

நம் குமரி மாவட்டத்தில் இன்னொரு சிக்கல். கடையை இங்கே வீட்டில் உள்ளவர் நடத்துவார். கார்டோடு இணைந்த நம்பர் வளைகுடாவில் இருப்பவர் கையில் இருக்கும். பணம் எடுக்க 24 மணி நேரத்துக்கு முன்பாவது முன்னறிவிப்பு அனுப்ப வேண்டும் என்பது விதி. அது அங்கே போய், வேலை நேரத்தில் பார்க்கப்படாமல் கிடக்கும். முன்னறிவிப்பை எஸ்எம்எஸ், மெயில் இரண்டில் எதில் பெறுவது என்று நீங்களே தேர்வு செய்யலாம். கடை மெயிலைக் கொடுங்கள்.

மூடுவது

பதிவு செய்த அன்றே கேன்சல் பட்டனைத் தேடி அழுத்திவிடுங்கள். பல சேவைகள் கேன்சல் செய்தாலும் கடைசி நாள்வரை ஓடும். ‘உடனே நின்றுவிடும்’ என்று திரை சொன்னால் மட்டும் விட்டுவிட்டு, முடிவதற்கு இரண்டு நாள் முன்பு அலாரம் வையுங்கள். கெடு அமெரிக்க நேரப்படி இருக்கலாம் என்பதால் கடைசி நாளை நம்ப முடியாது. லாட்ஜ்காரர்கள் ஐயப்ப சீசன் நெரிசலுக்கு நடுவே முடிகிற மாதிரி டிரையல் எடுக்காமல் இருப்பது நல்லது. அந்த நாட்களில் அலாரம் அடித்தாலும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

ஆண்ட்ராய்டில் பிளே ஸ்டோர், உங்கள் படம், பேமென்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ் என்று போங்கள். ஐஃபோனில் செட்டிங்ஸ், உங்கள் பெயர், சப்ஸ்கிரிப்ஷன்ஸ். டிரையல் முடிய 24 மணி நேரத்துக்கு முன்பே நிறுத்த வேண்டும். ஆப்பை அழித்தால் சந்தா நிற்காது. இணையதளத்தில் எடுத்தது என்றால் பில்லிங் பகுதி. அக்கவுன்ட்டை முதலில் அழித்துவிடாதீர்கள். உள்ளே போக வழியில்லாமல் சந்தா ஓடும். அறை பதிவு விவரங்களை முதலில் எக்ஸெல் கோப்பாக இறக்கிக்கொண்டு, பிறகு கேன்சல் செய்து, உறுதி மெயிலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். (விருந்தினரின் ஆதார் நகலை டிரையல் சாஃப்ட்வேரில் ஏற்றவே வேண்டாம்.)

அடுத்தது வங்கி. பேங்க் ஆப்பில் கார்டு பகுதிக்குள் ‘இ-மேன்டேட்’ அல்லது ‘ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்ஷன்’ என்று இருக்கும். யூபிஐ செயலியில் ‘ஆட்டோபே’. அங்கும் நிறுத்துங்கள். மேன்டேட்டை மட்டும் நிறுத்திவிட்டுச் சந்தாவை விட்டுவிட்டால், நிறுவனம் பாக்கி பில் அனுப்பிக்கொண்டே இருக்கும்.

பணம் போய்விட்டால்

அன்றே நிறுவனத்துக்கு எழுதிப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். கேன்சல் செய்த பின்பும் எடுத்திருந்தால், உறுதி மெயிலோடு வங்கியில் டிஸ்ப்யூட் (அந்தப் பிடித்தத்தை மறுக்கும் புகார்) போடுங்கள். ‘என் அனுமதி இல்லாமல் எடுத்தார்கள்’ என்று எழுத வேண்டாம். ஓடிபி கொடுத்த பதிவு வங்கியிடம் இருக்கும். ‘இந்தத் தேதியில் ரத்து செய்தேன், அதன் பிறகு எடுத்தார்கள்’ என்பதுதான் நிற்கும் வாதம். வங்கி 30 நாளில் பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம்.

கேன்சல் பட்டனை ஒளித்து வைத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2023 நவம்பர் வழிகாட்டுதல் பட்டியலிடும் 13 ஏமாற்று வடிவமைப்புகளில் சந்தா பொறியும் ஒன்று. இலவசச் சந்தாவுக்குக் கட்டண விவரம் தரக் கட்டாயப்படுத்துவதையும் அதில் சேர்த்திருக்கிறார்கள்; புகாரில் அதைக் குறிப்பிடுங்கள். 1930 சைபர் மோசடிக்கான எண். டிரையல் என்ற பெயரில் போலித் தளம் கார்டு விவரத்தைத் திருடியிருந்தால் மட்டும் அங்கே அழையுங்கள், அதுவும் கார்டை பிளாக் செய்த கையோடு.